அரம் போட்ட நாசில்

என் மண்டைக்குள் ஏறாத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றில் முதலாவது, பஸ் கழுவும் பம்பு. அதோடு நான் மூன்று வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், துடைத்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது கூப்பிட்டு, "அதில் வேகம் எங்கே இருந்தது, சொல்" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

அப்போதெல்லாம் கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் இருந்தது. பெங்களூர் போகும் சாலையோரம் எங்கள் முதலாளியின் பஸ் ஷெட். மொத்தம் நான்கு பஸ்கள். அதில் ஒன்று ஊத்தங்கரைக்குப் போகும், ஒன்று ஓசூர், தளி வழியாக ஜவளகிரிக்குப் போகும். மற்ற இரண்டும் ஓசூரோடு திரும்பிவிடும். ஊத்தங்கரை பஸ் புழுதியோடு வரும். ஒரு உதறு உதறினால் போதும். ஜவளகிரி பஸ் இருக்கிறதே, அது அடிவயிறு முழுக்கச் செம்மண்ணை அப்பிக்கொண்டு வரும். காட்டோர மண். காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். பஸ் கழுவுவது என் வேலை. எனக்கு அப்போது முப்பது வயது. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் கிணறு இரண்டு வருடம் தொடர்ந்து வற்றிப்போனதால் மாட்டை விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து லாரியில் அந்தப் பம்பு வந்து இறங்கியது. பார்க்க ஒன்றும் பெரிதில்லை. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், பெல்ட் சுற்றினால் உள்ளே முன்னும் பின்னும் போய்வரும் மூன்று இரும்புத் தண்டுகள். ஒரே உரலில் மூன்று பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவார்களே, அந்தக் கணக்கில்தான் அவை வேலை செய்யும். ஒன்று தொட்டியிலிருந்து தண்ணீரை இழுக்கும்போது இன்னொன்று தள்ளும். தள்ளின தண்ணீர் திரும்பி வராமல் வால்வு பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கனமான ஓஸ் பைப்பு, அதன் முனையில் நீளக் குழாய், குழாயின் நுனியில் பித்தளையில் ஒரு நாசில். நாசிலின் ஓட்டையில் கோணி ஊசி நுழையும், அவ்வளவுதான். அந்த ஊசித் துளையிலிருந்து பாய்கிற தண்ணீர், ஜவளகிரி மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளும். முதல்நாள் அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்களில் முதலாளியும் ஒருவர்.

பம்பைக் கவனிக்க ஒரு ஃபிட்டர் வந்தார். ஓசூருக்குப் பக்கத்து மூக்கண்டப்பள்ளிக்காரர், கிறிஸ்தவர், என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், போல்ட் இறுகிக்கொண்டால் கன்னடம். ஷெட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு வீட்டை முதலாளி அவருக்குக் கொடுத்திருந்தார். பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிவந்து, மகளை இங்கேயே கன்னியர் பள்ளியில் சேர்த்துவிட்டார். அந்தப் பெண் சிலேட்டைக் கவிழ்த்துத் தலைக்குக் குடையாகப் பிடித்தபடி ஷெட் வழியாகப் பள்ளிக்குப் போகும். அந்த வேலையும் அந்த வீடும்தான் அவருக்கு எல்லாமே. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நல்ல மனுஷன். ஆனால் அவர் பேசுவது எனக்குப் புரியாது. புரியாததால் கோபம் வரும். வந்த புதிதில் ஒருநாள், பம்பு நல்ல பிரஷர் தருகிறது என்று பாராட்டாகத்தான் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"பம்பு தண்ணிய தள்ளத்தாண்ணா செய்யும். பிரஷர் குடுக்கறது இந்த ஓட்டை."

"ஓட்டை எப்பிடிப்பா குடுக்கும்? ஓட்டைன்னா ஒண்ணுமே இல்லாத எடம்."

அவர் சிரித்துவிட்டார். பம்பு ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று தள்ளிக்கொண்டே இருக்கும், போக வழி சின்னதாக இருப்பதால் தண்ணீர் முட்டி மோதிக்கொண்டு வெளியே வருகிறது, அந்த முட்டல்தான் பிரஷர் என்று என்னென்னவோ சொன்னார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். மனசுக்குள், இவன் யாரிடம் காது குத்துகிறான் என்றுதான் நினைத்தேன். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்து, இருபது வருஷம் கவலை ஓட்டியவன் நான். சால் பெரிதாக இருந்தால் தண்ணீர் அதிகம். வாய்க்கால் அகலமாக இருந்தால் பாய்ச்சல் அதிகம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை ஜவளகிரி பஸ்ஸை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அடிச் சட்டத்தில் மண் ஒட்டியிருந்தால் அவர் குனிந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். சர்டிபிகேட் இல்லாமல் பஸ் ஓடாது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையிலேயே முதலாளி வந்து, ஒரு பஸ்ஸுக்கு ஒரு பொழுது முழுக்கவா கழுவுவாய் என்று எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன தூங்கிக்கொண்டா இருக்கிறேன்? ஒரு விரல் அகலத்துக்குத்தான் தண்ணீர் விழுகிறது. யானையைப் பல் குச்சியால் தேய்க்கச் சொன்னால் எவ்வளவு நேரம் ஆகும்?

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. பம்பு வேறு மூச்சு விடாமல் தள்ளுகிறது. இடையில் இந்த ஊசித் துளைதான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதைக் கொஞ்சம் அகலமாக்கினால் என்ன? ஃபிட்டர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவருடைய பெட்டியிலிருந்து மெல்லிய வட்ட அரத்தை எடுத்தேன். பித்தளைதானே, வெண்ணெய் மாதிரி வழிந்தது. ஒரு நெல் நுழைகிற அளவுக்கு ராவிவிட்டு மறுபடி மாட்டினேன்.

தண்ணீர் தடிமனாக வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்கு அடியில் குழாயை நீட்டினேன். மண் நனைந்தது. நனைந்ததே தவிர, பெயரவில்லை. கிட்டே பிடித்தேன், எட்டப் பிடித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி வழிந்துகொண்டிருந்தது. பம்பின் மேலிருந்த மீட்டரைப் பார்த்தால், எப்போதும் நிற்கிற இடத்தில் பாதிக்குக்கூட முள் ஏறவில்லை. ஒரு பக்கெட்டை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். சாதாரணமாக எவ்வளவு நேரத்தில் நிரம்புமோ அவ்வளவு நேரத்தில்தான் நிரம்பியது. ஓட்டை பெரிதானது, தண்ணீர் தடித்தது, ஆனால் பக்கெட்டில் ஒரு சொட்டுகூட அதிகமாக விழவில்லை.

பம்புதான் கெட்டுப்போய்விட்டது என்று நான் நிஜமாகவே நம்பினேன். முந்தின நாள்தான் ஃபிட்டர் அதைப் பிரித்து, தண்டுகளைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங் கயிற்றை மாற்றியிருந்தார். முதலாளி வந்து வேலை ஏன் நின்றுவிட்டது என்று கேட்டபோது, நேற்று ஃபிட்டர் பிரித்ததிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நேற்று மாலை நன்றாகத்தான் ஓடியது. அது எனக்கே தெரியும். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

ஃபிட்டர் திரும்பி வந்தார். மீட்டரைப் பார்த்தார், வழிகிற தண்ணீரைப் பார்த்தார். முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். ஃபிட்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாசிலத் தொட்டீங்களாண்ணா?"

அரம் என் இடுப்பில் இருந்தது. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விட்டால் திரும்பிப் போக எனக்கு வற்றின கிணறுதான் இருந்தது. இல்லை என்றேன்.

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் பம்பு பக்கம் போனார். நாசிலைக் கழற்றிப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் அந்த மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. புதிதாக வைத்த பேக்கிங்கை எடுத்துவிட்டு இன்னொன்று வைத்தார். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மணல் தாளில் தேய்த்தார். காற்று இழுக்கிறதோ என்று தொட்டிக் குழாயின் மூட்டுகளுக்கெல்லாம் சோப்பு பூசிப் பார்த்தார். முள் ஏறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியும் மகளும் பூசைக்குப் போனார்கள், இவர் போகவில்லை. கிரீஸும் கையுமாக உட்கார்ந்து, தன் வேலையில்தான் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரே குழப்பம். அரம் போட்டதால் இப்படி ஆகியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். ஓட்டையைப் பெரிதாக்கினால் வேகம் எப்படிக் குறையும் என்று மறுநிமிஷம் தோன்றும். எனக்குச் சாதகமாக எது இருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. வேலை தெரியாதவனை வீடு கொடுத்து வைத்திருக்கிறேன் என்று சத்தம் போட்டார். நாளைக் காலை ஓசூர் பஸ்ஸில் கிளம்பு, சாமான்களை இவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போ என்று என்னைக் கை காட்டினார். ஜவளகிரி பஸ்ஸை டிரைவர், கண்டக்டர், நான் எல்லோரும் சேர்ந்து உளியும் தென்னை நார்ப் பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டித் தீர்த்தோம்.

திங்கட்கிழமை காலையில் ஃபிட்டர் பெட்டியை என் முன்னால் திறந்து வைத்தார். ஸ்பானர், சுத்தியல், அரம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அரத்தை அவருக்குத் தெரியாமல் திரும்ப வைத்திருந்தேன். அடியில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், புத்தம் புது நாசில். பம்போடு கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போன உபரி. என் கை என்னையும் அறியாமல் குழாயிலிருந்து பழைய நாசிலைக் கழற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றில் ஊசித் துளை. மற்றதில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் அளவுக்குக் கோணல்மாணலாக அரத்தின் கீறல்.

அவரும் பார்த்துவிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஓங்கி ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பெட்டியை மூடினார்.

"நீங்க இல்லைன்னு சொன்னீங்கண்ணா. அதுக்கப்பறமும் கழட்டிப் பாத்தா, உங்கள நம்பலைன்னு ஆயிடும்ல. அதான் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். துணிமணி வைத்த தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பெண்டாட்டி பின்னால் போனாள். மகள் அன்றைக்கும் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

புது நாசிலை மாட்டி மோட்டாரைப் போட்டேன். முள் சர்ரென்று ஏறிப் பழைய இடத்தில் போய் நின்றது. தண்ணீர் எதிர்ச் சுவரின் காரையைப் பெயர்த்தது. அதுவரை கொஞ்சம் மிச்சமிருந்த குழப்பமும் போய், செய்தது நான்தான் என்பது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

முதலாளியிடம் ஓடினேன். அவர் இன்ஸ்பெக்டர் வந்து தங்கும் பங்களாவுக்கு ஜவளகிரி பஸ்ஸை அனுப்பிவிட்டு அப்போதுதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் நாசிலை ராவினேன், ஃபிட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை, ஓசூர் பஸ் இன்னும் ஸ்டாண்டிலிருந்து கிளம்பியிருக்காது, ஆள் அனுப்புங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என்னை வேலையை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஓட்டை பெருசானா வேகம் கொறையுமா? எங்க கெணத்துல வந்து சொல்லு இத. அவன் மேல எரக்கம்னா எரக்கம்னு சொல்லு. அதுக்கு இப்பிடி ஒரு பொய்யா?"

அவரும் என்னைப் போலக் கவலை ஓட்டி வளர்ந்தவர்தான். அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பம்படிக்குக் கூட்டிவந்தேன். புது நாசிலில் முள் ஏறி நிற்பதைக் காட்டினேன். நிறுத்திவிட்டு, அரம் போட்ட நாசிலை மாட்டி மறுபடி ஓடவிட்டேன். முள் விழுந்தது, தண்ணீர் வழிந்தது. பார்த்தீர்களா என்றேன்.

"பாத்தேன். மறுபடியும் எறங்குது பாரு. அவன் கை வெச்ச வேலை அப்பிடி. நல்லா ஓடற மாதிரியே மாட்டி உடு, சும்மா சும்மா நோண்டாத."

இல்லைங்க, அது ஓட்டையால், தண்ணீர் முட்டுவதால், வழி சின்னதாக இருந்தால் என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஃபிட்டர் சொன்னபோது நான் காதில் வாங்கியிருந்தால்தானே வரும். பம்பு தள்ளும், ஓட்டைதான் பிரஷர் கொடுக்கும் என்று அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே ஒப்பித்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓட்டை எதையாவது கொடுக்குமா என்று கேட்டார். நான் அன்றைக்கு ஃபிட்டரிடம் கேட்ட அதே கேள்வி.

சாலையில் ஓசூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஷெட் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வேகம் குறைத்துத்தான் போனது. கை நீட்டியிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியாமல், கையில் நாசிலை வைத்துக்கொண்டு நின்றேன். குற்றம் என்னுடையது என்று முதலாளிக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள், ஜன்னலோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.