போஹுமிலா பிரிக்காத உறை

எங்கள் ஊர்த் தபால் நிலையத்தின் மூன்றாம் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்தியவர் போஹுமிலா. அப்போது செக்கோஸ்லோவாக்கியா இன்னும் இரண்டாகப் பிரியவில்லை. புதுச் சிறப்புத் தபால்தலை வெளியாகும் காலையில் எங்கள் சேகரிப்போர் சங்கம் மொத்தமும் அவர் முன்னால் வரிசையில் நிற்கும். எட்டுப் பேர்தான், ஆனால் எண்பது பேரின் ரகளை. புதுத் தலை ஒட்டிய உறையில் வெளியான அன்றைய தேதி முத்திரை விழுந்தால்தான் அது 'முதல் நாள் உறை'. முத்திரை ஓரத்தில்தான் விழவேண்டும், தேதி தெளிவாக இருக்கவேண்டும், படத்தில் மை படக்கூடாது. போஹுமிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூப்போல வைத்து எடுப்பார்.

அந்த எட்டில் ஒருவன் அலோயிஸ், என் பால்ய நண்பன். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். முத்திரை விழுந்ததும் தலையில் இருக்கும் படத்தின் கதையை போஹுமிலாவிடம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். எங்கள் கிளை ரயில் பாதையின் நூற்றாண்டுத் தபால்தலை வந்த அன்றும் சொன்னான்.

"அந்த ஸ்டேஷன் ஜன்னல்ல ஒரு பொம்பளை தெரியுது பாருங்க. இந்தப் படத்தை அச்சுக்குச் செதுக்கினவரோட சம்சாரம். போருக்குப் போனவர் திரும்பி வருவார்னு தினமும் அங்க வந்து நின்னாங்களாம். மேலிடத்துல என்ஜினை மட்டும்தான் கேட்டாங்க. அவர் பொண்டாட்டியையும் சேர்த்துட்டார்."

"வந்தாரா?"

"வராமலா இதைச் செதுக்கினார்?"

போஹுமிலா தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரித்தார். கேட்டுக் கேட்டு அவரும் சேகரிக்கத் தொடங்கியிருந்தார். "ஐம்பது வயசுவரை தபால்தலைங்க மேல முத்திரை அடிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பத்தான் பார்க்கிறேன்" என்பார்.

அன்று அலோயிஸ் நீட்டிய உறையில் போஹுமிலாவின் வீட்டு விலாசம் இருந்தது. உள்ளே ஓர் அட்டை. அதில், 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?' என்று எழுதியிருந்தான். முந்தின நாள் என் சமையலறையில் உட்கார்ந்து, நாலு அட்டையைப் பாழாக்கி, ஐந்தாவதில் எழுதியது. நேரில் கேள் என்றேன். "வாய் வராதுடா" என்றான், கதை சொல்லும்போது வாய் ஓயாத பயல்.

இரண்டு நாள் கழித்து போஹுமிலா, "உறை வந்துச்சு, ரொம்ப அழகா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. அலோயிஸ் அதை மரியாதையான மறுப்பு என்று எடுத்துக்கொண்டான். நான் போய்க் கேட்கிறேன் என்றதற்கு, "அவங்களைச் சங்கடப்படுத்தாதே" என்று சத்தியம் வாங்கிவிட்டான். ஏழு மாதம் உள்ளுக்குள் புழுங்கினான். கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு பெர்னோ நகரத்தில் மகளோடு போய் இருந்துவிடுவது என்று முடிவு செய்தான்.

அவன் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் சங்கத்தின் வருடாந்தரக் கண்காட்சி. தீயணைப்பு நிலையக் கூடத்தில் காபியும் கசகசா பன்னும் வைத்திருந்தோம். சாயங்கால ரயிலுக்கு முன்னால் எங்களிடம் விடைபெற அலோயிஸும் வந்து, பலகைகள் பக்கம் வராமல் ஒதுங்கி நின்றான். நடுவர் நான். போஹுமிலா முதல் தடவையாகத் தன் சேகரிப்பை வைத்திருந்தார். நடுப்பலகையில் அதே உறை! தான் மறுத்த மனிதனின் காகிதத்தை ஊருக்கே காட்டுவதா? எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனாலும் நடுவர் நடுவர்தானே. உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டு பிரியவில்லை, ஒரு மடிப்பு இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன். பேனாவை மூடும்போதுதான் எனக்கு உறைத்தது.

"போஹுமிலா, இதை நீங்க பிரிக்கவே இல்லையா?"

"முதல் நாள் உறையை யாராவது பிரிப்பாங்களா? நடுவர் கேக்கிற கேள்வியா இது!"

"உள்ளே என்னமோ இருக்கே?"

"அட்டை. முத்திரை சமமா விழறதுக்கு நீங்க எல்லாரும் வைக்கிறதுதானே. தடவிப் பார்த்தேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் எட்டுப் பேரும் அதையேதான் செய்திருப்போம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தியத்தைத் தூக்கி எறிந்தேன்.

"அந்த அட்டையில அலோயிஸ் உங்களுக்கு எழுதியிருக்கான். ஏழு மாசமா பதிலுக்குக் காத்திருந்தான். சாயங்கால ரயில்ல ஊரைவிட்டே போறான்."

போஹுமிலாவின் முகம் வெளுத்தது. அதற்குள் விஷயம் காதில் விழுந்து சங்கத் தலைவர் ஓடி வந்தார். "அவசரப்படாதீங்க! கெட்டில் ஆவியில காட்டினா ஒட்டு தானா விட்டுடும், உறை கெடாது!"

போஹுமிலா விரலை உள்ளே விட்டு உறையைக் குறுக்கே கிழித்தார். அலோயிஸைத் தவிர சங்கத்தின் ஏழு பேரும் ஐயோ என்றோம். அவர் அட்டையைப் படித்தார், மறுபடியும் படித்தார், பிறகு காபி மேஜையருகே முதுகைக் காட்டி நின்ற அலோயிஸிடம் நேராகப் போனார்.

"பெட்டி எங்க?"

"ஸ்டேஷன்ல போட்டுட்டேன்..." அவன் கண் அவர் கையிலிருந்த அட்டையில் நின்றுவிட்டது.

"போய் எடுத்துட்டு வாங்க. ஏழு மாசமா என்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சிருக்கீங்க. அதுக்கான சண்டை அப்புறம்."

"அப்போ... பதில்?"

"சம்மதம். வாயாலயே சொல்லிடறேன்," என்றார் போஹுமிலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எழுதிக் குடுத்தா நீங்களும் பிரிக்க மாட்டீங்க."