பத்து மாதமாக ஆடிய பல்

மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் ஒருமுறை காட்டி, இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு பல்லை நட்டு, அது நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே பல்லக்கா பேசுவார். பத்து விரல்களில் ஒன்பது மெழுகும் அச்சு வார்க்கும் மாவுமாக இருக்கும். இடது சுண்டு விரல் மட்டும் சுத்தம். அது தொலைபேசிக்கென்று ஒதுக்கி வைத்த விரல். அதனால் திரையை அழுத்திவிட்டு, மேசையில் சாய்த்து வைத்த தொலைபேசியிடம், எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்பார். "யாரு வீட்ல இன்னைக்கு அழுகை? அம்மா அழுதிருந்தாலும் வெக்கப்படாம சொல்லுங்க, நமக்குள்ள என்ன."

பல் செட் செய்வது அவருடைய தொழில். பல் மருத்துவர் ஒருவரின் கட்டடத்துக்குப் பின்னால், ஜன்னல் ஒன்று மட்டுமுள்ள பட்டறை. சுவர் முழுக்கப் பலகைகள். பலகைகளில் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள், மேல்தாடை ஒரு வரிசை, கீழ்த்தாடை ஒரு வரிசை, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஓர் எண். அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அச்சைக் கையில் எடுத்ததும் ஆள் யாரென்று சொல்லிவிடுவார். "இவரு கோவக்காரரு, பல்லக் கடிச்சுக் கடிச்சே தேச்சிருக்காரு." "இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்றாங்க. அந்தப் பக்கம் ரொம்ப நாளா வலி. வீட்ல யார்கிட்டயும் சொல்லல." அப்படிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஏழரை வருடங்களுக்கு முன் ஒரே மருத்துவமனையில் ஒரே வாரத்தில் பிள்ளை பெற்றவர்கள் நாங்கள். மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். எங்களில் மூத்தவர் பல்லக்கா; நாற்பதாவது வயதில் முதல் பிள்ளை. கட்டில் கட்டிலாக நடந்து எல்லோருடைய எண்ணையும் வாங்கி, வாட்ஸாப்பில் குரூப் ஆரம்பித்து, அதற்கு 'எச்சில் துண்டு' என்று பெயரும் வைத்தவர் அவர்தான். "எல்லார் தோள்லயும் ஒண்ணு தொங்குதில்ல, வேற என்ன பேரு வைக்கிறது" என்றார். அட்மினும் அவரே.

ஆளுக்கொரு பட்டப்பெயரும் அவர் சூட்டியதுதான். எந்தக் குழந்தை தும்மினாலும் மருந்து சொல்லும் வங்கிக்காரப் பெண்ணுக்கு 'சளி டாக்டர்'. மனைவிக்கு நேரமில்லாததால் குரூப்பில் சேர்ந்த ஒரே ஆண்பிள்ளை, பேருந்து ஓட்டுநர்; அவருக்கு 'தாய்க்குலம்'. பக்கத்துக் கட்டிலில் பெண் பெற்ற எனக்கு, தன் மகனுக்கு அவளை அப்போதே பேசி முடித்துவிட்டதாகச் சொல்லி, 'சம்பந்தி'. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன்.

பிறகு வந்த வருடங்களில் எங்களைத் தாங்கியது அந்தக் கரகரத்த குரல். சளி டாக்டர் முதல் நாள் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வங்கியின் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதபோது பல்லக்காவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. "அழுது முடிச்சிட்டு மூஞ்சியக் கழுவிட்டு சீட்டுக்குப் போ. அதுங்க பத்து நிமிஷத்துல மறந்துடும், நாமதான் சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டுக் கிடப்போம்." என் மகள் சட்டைப் பொத்தானை விழுங்கிய அன்று, மருத்துவர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று அனுப்பிய பிறகும், இரண்டு நாள் மணிக்கொருமுறை கேட்டார். "சம்பந்தி, பொத்தான் வந்துச்சா? வந்தா கழுவித் தச்சுடுங்க, நல்ல பொத்தான்." பயத்தில் சாப்பிடாமல் கிடந்த நான் எழுந்து சோறு போட்டுக்கொண்டது அந்த வாய்ஸைக் கேட்ட பிறகுதான்.

மூன்று வயதில் அவருடைய மகன் பேச மாட்டான் என்று தெரிந்தது. அதையும் வாய்ஸில்தான் சொன்னார், வேலை செய்துகொண்டே. "நம்ம ஆளு பேச மாட்டாராம். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. வீட்ல ஒரு வாயே அதிகம்னு நெனச்சுட்டான் போல." நாங்கள் இதயங்களையும் கூப்பிய கைகளையும் அனுப்பினோம். வேறு என்ன அனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி சரி, யாரு வீட்ல காய்ச்சல்னு சொன்னீங்க?" என்று எங்களைக் காப்பாற்றினார்.

கணவர் கப்பலில் சமையல்காரர்; வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். நாத்தனார் ஒரு பிறந்தநாளுக்கு அழைக்கும்போது, "நீங்க மட்டும் வந்துட்டுப் போங்க அண்ணி" என்றாராம். இவர் போகவில்லை. "எனக்கென்ன, என் சொந்தபந்தத்த எல்லாம் இந்தத் துண்டுலதான் முடிஞ்சு வச்சிருக்கேன்" என்று எங்களிடம் சொன்னார். அதைக் கேட்டு நாங்கள் பூரித்துப்போனோம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிள்ளைகளுக்குப் பல் விழத் தொடங்கியதும் பல்லக்காவுக்குத் திருவிழாதான். "வாயத் தொறந்து போட்டோ அனுப்புங்க" என்பார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடுத்து எது ஆடும், எத்தனை வாரத்தில் விழும், புதுப்பல் எந்தக் கோணலில் வரும் என்று சொல்வார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். தன் மகனின் ஓட்டைப்பல் படங்களையும் விடாமல் போடுவார். சிரிக்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் முகம்; உதட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் அம்மாவின் மாவு படிந்த விரல். "கீழ ரெண்டு போயிடுச்சு. சம்பந்தி, உங்க வீட்ல எத்தன?"

இரண்டாவது குரூப்பை ஆரம்பித்தவள் நான்.

பிள்ளைகள் முதல் வகுப்பில் இருந்தார்கள். என் மகள் மேடையேறிக் கதை சொல்லிப் பரிசு வாங்கினாள். அதைப் போட ஆசையாக 'எச்சில் துண்டு' குரூப்பைத் திறந்தேன். பேசாத பையனின் அம்மா பார்ப்பாரே என்று தோன்றியது, மூடிவிட்டேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. அதற்கு முந்திய வாரம், "சம்பந்தி, மருமக எப்படி இருக்கா?" என்ற அவருடைய வாய்ஸ் எங்கள் கூடத்தில் சத்தமாக ஓடியது. என் கணவர் நிமிர்ந்து, "அந்தம்மா இன்னுமா அப்படிக் கூப்பிடுறாங்க" என்றார். விளையாட்டுக்குத்தான் என்று சிரித்து மழுப்பினேன். ஆனால் முள் தைத்துவிட்டது. அடுத்த வாரமே, அவரைத் தவிர்த்துப் பதினோரு பேரை வைத்து 'வீட்டுப்பாடம்' என்ற புதுக் குரூப்பைத் தொடங்கினேன். செய்தது இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லோருக்கும் அந்த வார்த்தை வசதியாக இருந்தது.

அதன்பிறகு மதிப்பெண், பரிசு, நீச்சல் வகுப்பு, விழுந்த பல் எல்லாம் 'வீட்டுப்பாட'த்துக்குப் போயின. 'எச்சில் துண்டு'க்குக் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் போயின. பல்லக்கா வழக்கம்போல் தினமும் கேட்டார்; நாங்கள் கட்டைவிரல் காட்டினோம். ஒருநாள், "சளி டாக்டரே, பாப்பாவுக்கு மேல் முன்பல்லு ஆடுதுன்னீங்களே, என்னாச்சு?" என்றார். "இன்னும் ஆடிட்டேதான் இருக்குக்கா" என்று பதில் போனது. அந்தப் பல் விழுந்து, புதுப்பல் பாதி முளைத்த படத்தை முந்தின நாள்தான் 'வீட்டுப்பாட'த்தில் பார்த்து நான் இதயம் போட்டிருந்தேன். அடுத்தடுத்த மாதங்களில் அவர் கேட்டபோதெல்லாம் அந்தப் பல் ஆடிக்கொண்டே இருந்தது.

சென்ற வாரம் சளி டாக்டர் அவசரத்தில் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். 'ஞாயிறு பத்து மணி, பூங்கா, எல்லா பிள்ளைகளும். பழைய குரூப்ல போட்டுடாதீங்க, பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்.' இது பழைய குரூப்பிலேயே வந்து விழுந்தது. நான்கு நிமிடம் அங்கே நின்றது. பிறகு, செய்தி நீக்கப்பட்டதாக ஒரு சாம்பல் வரி. பதினோரு பேரும் திரையைப் பார்த்தோம். பல்லக்காவிடமிருந்து வாய்ஸ் வரவில்லை. முதல் தடவையாக எழுதியிருந்தார். 'பத்து மணிக்கு வெயில் ஏறிடும். ஒம்போதுக்கு வைங்க.'

யாரும் பதில் போடவில்லை. தாய்க்குலம் மட்டும் ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். அந்த மனிதருக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயாரித்தேன். உள்ளே நுழைந்ததும் அது ஒன்றுகூட நினைவில்லை. பல்லக்கா நாற்காலியின் தூசியைத் தட்டி நகர்த்தினார். "வாங்க, உக்காருங்க. மாவு ஒட்டும், பாத்து." கையில் ஒரு கீழ்த்தாடை, நான்கு பற்கள் நட்டாகிவிட்டது, ஐந்தாவது மெழுகில் அரைகுறையாக நின்றது.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு நெனச்சீங்களா சம்பந்தி? முன்னாடியே தெரியும்." கத்தியைச் சுடரில் காட்டினார். "ஆறரை வயசுலேந்து ஏழரை. பல்லு பொலபொலன்னு கொட்டுற வயசு. பதினோரு பிள்ளைங்க. பத்து மாசமா ஒருத்தருக்கும் ஒரு பல்லுகூட விழல. ஒரே பல்லு பத்து மாசமா ஆடுதுன்னு என்கிட்டயே சொல்றீங்க. என் பொழப்பே அதுதான."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன், ஏதோ தப்பு அவர்மேல் இருப்பதுபோல.

"கேட்டா இதுவும் போயிடும்ல."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். பஞ்சின்மேல் ஆறு பால்பற்கள். கழுவி, துடைத்து, விழுந்த வரிசையில் வைத்திருந்தார். "கீழ நாலு, மேல ரெண்டு. எல்லாம் வயசுக்குச் சரியா." ஒரு பல்லைச் சுண்டு விரலால் நேராக்கினார். "பேச்சுல அவன் பின்னாடி. எழுத்துல பின்னாடி. சட்டைக்குப் பொத்தான் போடறதுல பின்னாடி. எனக்கு அதெல்லாம் தெரியாதா? பல்லு விழறதுல மட்டுந்தான் உங்க பிள்ளைங்ககூட ஒரே வரிசைல நின்னான். உங்க பாப்பாவுக்கு ஒண்ணு விழுந்து, அதே வாரம் இவனுக்கும் ஒண்ணு விழும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா. அதப்போய் மறைச்சீங்களே."

நான் அழுதேன். அதுவும் எனக்கே பிடிக்கவில்லை. அழ வேண்டியவர் அழாமல் இருக்கும்போது நான் முந்திக்கொண்ட மாதிரி இருந்தது. பல்லக்கா என்னைத் தேற்றவில்லை. ஏழரை வருடத்தில் யாராவது அழுது அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றுதான்.

"புதுசுல என்னச் சேத்துடறோம்னு சொல்லத்தான வந்தீங்க?"

தலையாட்டினேன். அதற்குத்தான் வந்திருந்தேன்.

"வேணாம். அப்புறம் மூணாவதா ஒண்ணு ஆரம்பிப்பீங்க. உங்களுக்கும் வீண் வேல."

டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். தொலைபேசியை அருகில் இழுத்து, 'எச்சில் துண்டு'க்குள் போய், பெயர்ப் பட்டியலைத் திறந்தார். சுண்டு விரல் ஒவ்வொரு பெயராக அழுத்தியது. சளி டாக்டர் போனார். தாய்க்குலம் போனார். அவசரமில்லாமல், ஒரு பல்லுக்குப் பின் அடுத்த பல்லை நடும் அதே நிதானத்தோடு, எல்லோரையும் நீக்கிக்கொண்டே வந்தார். எழுத்து வரிசையில் என் பெயர் எட்டாவது. அதில் விரல் நிற்குமோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"பாத்துச் சொல்லுங்க, யாராவது விட்டுப்போச்சா?"

பட்டியலில் அவர் ஒருவர்தான் இருந்தார். யாரும் விட்டுப்போகவில்லை என்று நான் தலையசைக்கும்வரை அந்தக் கையை அவர் மடக்கவில்லை.