தேரையின் விலா எலும்பு

என் மனைவி கரவெட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயிரியல் ஆசிரியை. நான் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுப்பவன். எலும்பு விஷயத்தில் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை என்னுடையதுதான் என்று நம்பியிருந்தேன்.

போன கோடையில், வற்றிய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தேரை செத்துக் காய்ந்து கிடந்தது. எறியப்போன என்னை அவள் தடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு செய்து காட்டப்போகிறாளாம். பழைய சட்டியில் மெதுவாக அவித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் சதையை நீக்கினாள். அது யாருடைய பிரஷ் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாளாகக் கறுப்பு மட்டையில் ஒவ்வொரு எலும்பாக ஒட்டினாள். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். அகன்ற மண்டையோடு, குட்டை முதுகெலும்பு, அதன் முடிவில் நீளமாக ஒரு கோல். பார்த்ததும் எனக்குக் குறை தெரிந்துவிட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்தேன்.

"என்ன தேடுறியள்?"

"விலா எலும்பு. ஒண்டைக்கூடக் காணேல்லை. அவிச்ச தண்ணியோடை ஊத்திப்போட்டீர் போல."

அவள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"தேரைக்கு விலா எலும்பே இல்லையப்பா!"

"அப்ப எப்பிடி மூச்சு விடும்?"

"தொண்டை துடிக்கிறதைக் காணேல்லையே? வாயாலை காத்தை உள்ளுக்கை தள்ளும்."

மறுநாள் எலும்புக்கூட்டைக் கேக் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனோம். அவளுக்கு முன் சீட். பெட்டி என் மடியில். பக்கத்திலிருந்த வயதான அம்மா ஒருவர், "ஆருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எவ்வளவு வடிவான கை! பாய்ஞ்சு விழேக்கை முறியாதோ, தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டிலிருந்து மனைவி திரும்பினாள்.

"முறியாது அம்மா. எங்களுக்கு முழங்கைக்குக் கீழை ரெண்டு எலும்பு. இதுக்கு ரெண்டும் ஒட்டி ஒண்டாய் இருக்கு. அதாலை தாங்கும்."

அந்த அம்மா தன் கையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு ரெண்டோ?"

மனைவி வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஓம் அம்மா, ரெண்டு. நான் எத்தனையோ படம் எடுத்திருக்கிறன்."