அந்த வீடியோவில் இல்லாதது

அந்த வீடியோவை நான் முதலில் பார்த்தது சர்ச் வாசலில். ஞாயிறு பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பாடல் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் என்னை ஓரமாக இழுத்துப் போய், "இது நீதானே?" என்று போனை நீட்டினார்.

ஒரு வெள்ளை மாடு தரையில் கிடக்கிறது. முருங்கைக் கிளையில் சலைன் பாட்டில் தொங்குகிறது. நான் குனிந்து ஊசி போடுகிறேன். மாடு காலை நீட்டி இழுத்துக்கொண்டு அடங்கிப் போகிறது. பின்னால் ஒரு ஆண் குரல்: "பாருங்க மக்களே, ஊசி போட்ட உடனே மாடு செத்துப் போச்சு. இந்த டாக்டரம்மாகிட்ட யாரும் மாட்டக் காட்டாதீங்க." கடைசியில் என் கிளினிக் போர்டு, போன் நம்பரோடு.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாடு ஏற்கெனவே முடியாமதான் இருந்துச்சுக்கா" என்றேன். எனக்கே அது சாக்கு மாதிரி கேட்டது.

வலங்கைமானில் வீட்டின் முன்னறையையே கிளினிக்காக வைத்துக்கொண்டு மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். அரசு மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் பார்க்க வேண்டிய ஊர்கள் அதிகம். அவர் வர முடியாத நேரத்தில் எனக்குப் போன் வரும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வரப்புவரை போவேன். என் தொழிலில் விளம்பரம் என்றால் வாய்வார்த்தைதான். ஒரு வீட்டில் மாடு நல்லபடியாகக் கன்று போட்டால் அந்தத் தெருவே கூப்பிடும்.

செத்த மாட்டின் வீட்டில், நான் போனதற்கு முதல் நாள்தான் காதுகுத்து. பந்தல்கூடப் பிரிக்கவில்லை. நான் போனபோது மாடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. இடது பக்கம் வயிறு புடைத்து, கண் உள்ளே போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு.

"என்ன தின்னுச்சு?" என்று கேட்டேன்.

"எப்பவும் போல வைக்கோலுதான்" என்றார் மாட்டுக்காரர்.

"நெலம ரொம்ப மோசமா இருக்குண்ணே. மருந்து ஏத்தறேன். ஆனா பொழைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். கொல்லைப்பக்கம் கை கழுவப் போனேன். தண்ணீர் ஊற்ற வந்த மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டரம்மா, மிச்சமான சோத்த நான்தான் மாட்டுக்கு வெச்சேன். வீணாப் போவுதேன்னு வெச்சுட்டேன். வீட்ல சொல்லிடாதீங்க" என்றாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்காது. செம்புத் தண்ணீர் பாதி என் காலில் விழுந்தது. "சரிம்மா, சொல்லல" என்று சொல்லிவிட்டு மாட்டிடம் ஓடினேன்.

இதெல்லாம் வீடியோவில் இல்லை. மாட்டுக்காரரின் அக்கா மகன், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன், நான் ஊசியை எடுத்த பிறகுதான் போனைத் தூக்கியிருக்கிறான். மாடு செத்ததும், வயிற்றை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று சொன்னேன். "செத்ததக் கூறு வேற போடணுமா?" என்று மாட்டுக்காரர் மறுத்துவிட்டார். வாய்க்கால் ஓரத்தில் புதைத்தார்கள். என் பக்கம் இருந்த ஒரே ஆதாரமும் மண்ணுக்குள் போனது.

அப்புறம் போன் அடிக்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று வெளியே போய்ப் பார்ப்பேன். கணவரை எனக்கு ஒரு தரம் போன் போடச் சொல்வேன். அடிக்கும். உள்ளே வந்து உட்கார்ந்தால் கை தானாகவே மறுபடி அதைத் தேடும். மேப்பில் என் கிளினிக்குக்கு இருந்த நட்சத்திரங்கள் கரைந்துகொண்டிருந்தன. நான் காலே வைக்காத ஊர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். 'கசாப்புக் கடைக்காரி' என்று ஒருவர். சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கஞ்சி கையில் கொட்டிவிட்டது.

படித்த காலத்துப் புத்தகத்தை எடுத்து, சோறு அதிகமாகத் தின்று மாட்டின் வயிறு புளித்துப்போவது பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினேன். நான் செய்தது சரிதான் என்று இருந்தது. நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் எடுத்துப் படித்தேன்.

கூடப் படித்தவள் ஒருத்தி சென்னையில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிறாள். "சொந்தக்காரங்க எல்லாரையும் அஞ்சு ஸ்டார் போடச் சொல்லுடி. இங்க எல்லாரும் அதான் பண்றாங்க" என்றாள். என் சித்தி வீட்டில் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. அவர்கள் போய் 'எங்கள் மாட்டை நன்றாகப் பார்த்தார்' என்று எழுதுவதை நினைத்தால் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்றேன்.

கணவர் கும்பகோணத்தில் ஆசிரியர். எதையும் நேராகப் பேசுகிறவர். "நீயும் ஒரு வீடியோ போடு. சோறு வெச்சதச் சொல்லு. உண்மைதானே?" என்றார்.

"அந்தப் பொண்ணு கதி என்னாகும்?"

"அந்தப் பொண்ணு உனக்காக வாயத் தொறந்துச்சா?"

மருந்து அலமாரி முன்னால் நின்று பேசிப் பதிவு செய்தேன். பிடிக்காமல் அழித்தேன். மறுபடி பேசினேன். ஒன்றில், "அந்த வீட்டு மருமகளே என்னிடம் சொன்னாள்" என்ற இடம் வந்ததும் என் குரலில் ஒரு வேகம் ஏறியிருந்தது. பழி தீர்க்கிறவள் குரல். போட்டுப் பார்த்தபோது உடம்பு கூசியது. அதையும் அழித்தேன். ஆனால் அவள் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை.

அந்த ஊர்ப் பால் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் கூப்பிட்டார். "உங்கள இனிமே கூப்பிடறதா வேணாமான்னு உறுப்பினருங்க கேக்கறாங்கம்மா. நீங்களே ஒரு தடவ வந்து பேசிடுங்க."

காலையில் பால் ஊற்றும் நேரத்துக்குப் போனேன். எல்லோரும் தெரிந்த முகங்கள்தான். ஆனால் யாரும் "வாங்க டாக்டரம்மா" என்று சொல்லவில்லை. மாட்டுக்காரர் முன்னால் நாற்காலியில் இருந்தார். கேனோடு வரிசையில் நின்றிருந்தாள் மருமகள். அவளைப் பார்த்ததும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"மாடு எதனாலதான் செத்துச்சு? நீங்களே சொல்லுங்க" என்றார் ஒருவர்.

வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "சோறு அதிகமா தின்னு வயித்துல புளிச்சுப் போச்சு. விசேஷ வீடுகள்ல இது நடக்கறதுதான். அண்டாவ மூடாம விட்டா மாடு தானாவே போய்த் தின்னுடும். நான் யாரையும் குத்தம் சொல்ல வரல."

மாட்டுக்காரர் எழுந்துவிட்டார். "எங்க வீட்ல எந்த அண்டாவும் தொறந்து கெடக்கல. நீங்க தப்பிச்சுக்க எங்க மேல பழியப் போடறீங்க."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னொரு வார்த்தை அவர் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குள் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மாமா, சோறு வெச்சது நான்தான்."

பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். மாட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். "அத அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"டாக்டரம்மாகிட்ட சொன்னேன். வீட்ல சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். அவங்களும் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீடியோ எடுத்தப்ப என்னை யாரும் கேக்கலயே மாமா."

அவள் முறை வந்ததும் பாலை ஊற்றிவிட்டு வெறும் கேனோடு கிளம்பிப் போனாள். ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்ற நினைப்புதான் வந்தது.

வெளியே வந்து மாட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணே, அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்க. அந்தப் பொண்ணையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"வீட்டு விஷயத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஆனால் அங்கேயே நின்று, சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்ட அக்கா மகனுக்குப் போன் போட்டார். "எடுத்துடுடா. நம்ம பக்கந்தான் தப்பு" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொல்லி இன்னொரு வீடியோ போடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "அது அவன் இஷ்டம்மா" என்றார். அவன் போடவே இல்லை.

அவன் நீக்கிய பிறகும் பழைய வீடியோ அழியவில்லை. யாரோ சோகமான பாட்டுச் சேர்த்துச் சுற்றில் விட்டிருந்தார்கள். முத்துப்பேட்டையில் ஓர் ஆட்டுப் பண்ணைக்குப் போனபோது அந்த வீட்டம்மா, "உங்கள எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். ஆட்டைப் பார்த்து முடிக்கும்வரை அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரரையே போனில் வீடியோ எடுக்கச் சொல்கிறேன். மாட்டின் நிலைமை என்ன, நான் என்ன செய்யப்போகிறேன், எது என் கையில் இல்லை என்பதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொடுகிறேன். விசேஷ வீட்டுச் சோற்றை மாட்டுக்கு வைக்காதீர்கள் என்று நானே ஒரு வீடியோவும் போட்டேன். பழையதைப் பார்த்த கூட்டத்தில் கால்வாசிகூட அதைப் பார்க்கவில்லை. மயிலாடுதுறையில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் மட்டும் தன் ஆட்களுக்கெல்லாம் அனுப்பியதாகச் சொன்னார். போன்கள் மெல்ல மெல்ல வர ஆரம்பித்திருக்கின்றன. ஆனாலும் புது நம்பர் என்றால், எடுப்பதற்கு முன் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது.

போன வாரம் அப்படி ஒரு நம்பர். அந்த மருமகள்தான். சினை மாட்டுக்குத் தவிடு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு தயங்கி, "வீட்ல எப்படிம்மா இருக்காங்க?" என்றேன்.

"மாமா கொஞ்ச நாள் பேசல. இப்ப பேசறாங்க."

"அத்தை?"

"அவங்க இன்னும் பேசல டாக்டரம்மா."

நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் எனக்குச் செய்ததற்கு ஒரு வார்த்தை, அவள் மேல் நான் வைத்திருந்த கோபத்துக்கு ஒரு வார்த்தை. அதற்குள் அவளே, "மழ வருது, மாட்டப் புடிச்சுக் கட்டணும். வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டாள்.