பதினேழு ஒன்றுகள்

நசரத்பேட்டையிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எனக்கு அழைப்பு வந்தது. "அம்மா பூட்டாங்க ஆன்ட்டி" என்றான் ராஜேஸ்வரி அக்காவின் மகன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'ஐயோ, அந்த எண்ணைக் கண்டுபிடிக்காமலே போய்விட்டாரே' என்ற பதைப்புதான்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. எண்பதுகளில் எங்கள் பிரிவுக்கு முதல் கால்குலேட்டர் வந்தபோது, அக்கா ஒன்று என்ற பொத்தானையே திரை நிரம்பும்வரை அமுக்கினார். "இது எதுலனா மிச்சமில்லாம போவுமா, பாக்கலாம் வா" என்றார். எட்டு ஒன்றுகள் சேர்ந்த அந்த எண் பதினொன்றால் வகுபட்டது. "ப்பூ, இவ்ளோதானா!" என்று உதட்டைப் பிதுக்கினார். ஒன்றுகளை இரட்டைப்படையில் அடுக்கினால் பதினொன்று உடைத்துவிடும், மூன்று மூன்றாக அடுக்கினால் மூன்று உடைத்துவிடும் என்று அன்றே கண்டுகொண்டார்.

பிறகு பதின்மூன்று ஒன்றுகளை எடுத்தார். கால்குலேட்டர் கொள்ளாது. சாப்பாட்டு வேளையில் கையால் வகுத்தோம். அங்கேதான் தொழில் புத்தி காலை வாரியது. மூட்டை மூட்டையாகப் போல்ட் வந்தால் பத்துக்கு ஒன்றைச் சோதித்து மொத்தத்தையும் தேற்றிவிடுவது எங்கள் வழக்கம். அக்காவும் ஆயிரம்வரையுள்ள பகா எண்களில் பத்துக்கு ஒன்றால் மட்டும் வகுத்துப் பார்த்து, "உடையாது, பாஸ்!" என்று அறிவித்தார். எல்லோருக்கும் மைசூர்பாகு வேறு. மறுநாள் பேருந்திலிருந்து இறங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"அம்பத்தி மூணுல போவுதுடீ! நம்பர் இன்னா நட்டா போல்ட்டா, சாம்பிள் பாத்து பாஸ் பண்ண? மைசூர்பாவ திருப்பிக் குடுங்க!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

அடுத்தது பதினேழு ஒன்றுகள். இம்முறை எதையும் விடக்கூடாது என்று வரிசையாக வகுக்கத் தொடங்கினார். வருடங்கள் ஓடின, பணி ஓய்வும் வந்தது, அவர் விடவில்லை. தொண்ணூறுகளில் என் தம்பி தன் அலுவலகக் கணினியில் விடையைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். ஆசையாக ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் வாயைப் பொத்திவிட்டார்.

"சொன்னே, உன் சகவாசமே வாணாம். நானே பாத்துக்கிறேன்."

அவர் வகுக்கும் வேகத்துக்கு இந்த ஜென்மத்தில் அந்த எண்ணை எட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் மருத்துவமனையில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "உடையுமா, உடையாதா? அத்த மட்டும் சொல்லு. எதுலன்னு சொல்லிடாதே."

"உடையும் அக்கா."

அவர் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வேன்! "அப்டீன்னா எங்கியோ கீது" என்றார். "ஊட்டுக்குப் போய் தேடிக்கிறேன்."

நேற்று அக்காவின் உடலுக்கு மாலை போடுவதற்காகக் குனிந்தேன். என் வாய் அவர் காதருகே இருந்தது. அந்த எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இனிமேல் சொன்னால்தான் என்ன என்று மனம் அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் உட்கார்ந்து வகுத்துப் பாருங்கள்.

போய் வாருங்கள், அக்கா. நீங்களாகக் கேட்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.