சில்வர் மாமாவின் கீழுதடு

என் அக்காவின் கணவர் கூரைக்குப் பெயிண்ட் அடிப்பவர். எங்கள் மலையூரில் எல்லா வீட்டுக்கும் தகரக் கூரைதான். வருஷத்தில் ஒன்பது மாதம் அதன் மேல் மழையோ பனியோ ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். மீதி மூன்று மாதக் கோடையில்தான் தகரம் காயும், மாமா ஏணி ஏறுவார். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டிங், அதற்கு மேல் வெள்ளிநிறப் பெயிண்ட் இரண்டு கோட்டிங். சாயங்காலம் இறங்கி வரும்போது மீசை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளியாக இருக்கும். ஊருக்கே அவர் ‘சில்வர்’. எனக்கு சில்வர் மாமா.

நான் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கோடை வந்தால் சளி மாத்திரையை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு சன்ஸ்கிரீனைக் கண்ணெதிரே இறக்கி வைப்பேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி அப்பிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு மாமா வைத்த பெயர் ‘சுண்ணாம்பு மூஞ்சிகள்’. கூரை மேலிருந்தபடி அவர்களை எண்ணுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

வெயிலைப் பற்றி மாமாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. சுட்டால்தான் வெயில். இங்கே பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறோம், காது விறைக்கிறது, இதில் எங்கிருந்து தோல் கருகும் என்று கேட்பார். சூடு வேறு, தோலைத் தீய்க்கும் கதிர் வேறு, மேலே போகப் போக அதைத் தடுக்கிற காற்று மெலிந்துவிடும், மேகம் போட்டிருந்தாலும் அது இறங்கும் என்று பதினோரு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாப்ள, உனக்கு அந்த டியூப் விக்கணும், சொல்லு” என்பார். இனாமாகக் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டு போய் ஏணியின் கிறீச்சென்ற கீலுக்குப் போட்டவர் அவர்.

ஒரு கோடையில் அகலமான தொப்பி ஒன்றை வம்படியாக அவர் தலையில் கவிழ்த்தேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார், முகவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு. தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தோல் வெந்து உரிந்திருந்தது. தொப்பி மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். அவர் அடித்த வெள்ளிக் கூரை கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பிக் கீழிருந்து வீசியிருக்கிறது. இதைச் சொன்னால் மனிதர் பயப்படுவார் என்று நினைத்தேன். அவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. தன் கோட்டிங் தன்னையே சுடும் அளவுக்குப் பளபளக்கிறது என்று இரண்டு தெருவுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

முகம் கழுவும் விதம் இன்னும் மோசம். பெயிண்ட் போக தின்னரில் நனைத்த துணியால் தேய்ப்பார். எரிச்சலுக்குச் சமையல் எண்ணெய். மருந்துக்கடைக்காரன் குடும்பத்தில் இப்படி ஒரு ஆள். வெளியே சொன்னால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

போன கோடையில் அவர் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. பக்கு கட்டும், உதிரும், மறுபடி அதே இடத்தில் வரும். சூடாக டீ குடித்ததால் வந்தது என்றார். குளிர்காலம் போய் அடுத்த கோடையும் வந்துவிட்டது. டீயையும் ஆறவைத்துத்தான் குடித்துக்கொண்டிருந்தார், புண் மட்டும் ஆறவில்லை. என் அக்கா தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் காலையில் மாமா எழுந்து பார்த்தால், ஏணி ஜன்னல் கம்பியோடு சைக்கிள் செயினால் பூட்டப்பட்டிருந்தது.

“தோல் டாக்டரப் பாத்துட்டு வாங்க. சாவி தபாலாபீஸ்ல என் டிராயர்ல இருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

கடைத்தெருவுக்கு நேரெதிரே பள்ளிக்கூடக் கூரை பாதி வெள்ளியும் பாதி துருவுமாக நின்றது. மாமா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, என்மேல்தான் எல்லாத் தப்பும் என்பது போலத் திட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்தார்.

டாக்டரம்மா சின்னப் பெண். மாமாவின் உதட்டை அவள் தொட்டுப் பார்க்கும்வரை அவர் ஓயாமல் பேசினார். அவள் மருத்துவமனைச் சுவரின் பெயிண்ட் உரிந்திருப்பதைக்கூடக் குறை சொன்னார். அவள் ஒரு கருவியால் உதட்டைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். திரை முழுக்க உதடு. சொரசொரவென்று, உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வெளுத்து, நடுவில் ஒரு மேடு. மாமா நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“மாப்ள, இது மேல வந்த கொப்புளம் இல்ல. அடியில துரு ஏறிருக்கு.”

பெயிண்ட் கொப்பளித்தால் கோளாறு பெயிண்டில் இல்லை, அதற்கடியில் தகரம் அரிக்கிறது என்பது அவர் தொழிலில் பாலபாடம். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஒரு துளி சதை எடுத்து, அந்த இடத்தில் தையல் போட்டுவிட்டு, சதையைக் கீழே பெரிய ஊருக்குச் சோதனைக்கு அனுப்பினாள். பத்து நாள் ஆகும். அதுவரை கூரை ஏறக்கூடாது. கெட்ட கட்டியாக இருந்தால் உதட்டில் அறுவை, அதற்குப் பிறகு வெயிலில் கூரை வேலை என்பதையே மறந்துவிட வேண்டியதுதான். கூரையை விட்டால் மாமாவுக்குத் தரையில் ஒரு வேலையும் தெரியாது. தெருவில் நடப்பதே அவருக்குச் சலிப்பு.

அந்தப் பத்து நாளும் மாமா என் கடை ஸ்டூலில்தான். எதிரே பாதிக்கூரை அவரைப் பார்க்க, அவர் அதைப் பார்க்க, இரண்டு பேரையும் நான் பார்க்க. மூன்றாம் நாள் பார்க்கச் சகிக்காமல் திரும்பி உட்கார்ந்து, தட்டில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். சன்ஸ்கிரீன் பெட்டி ஒன்றில் கண் நின்றுவிட்டது.

“இதுல டைட்டானியம்னு போட்டிருக்கே?”

ஆமாம், டைட்டானியம் டையாக்சைடு, வெயிலைத் திருப்பி அனுப்பவும் உறிஞ்சவும் போடுவது என்றேன்.

“கூரையோரப் பலகைக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட்ல போடறதுதானே? அது நிறைய இருந்தாத்தான் நல்ல டின்னும்பாங்க.”

அதேதான் என்றேன். உடனே பயம் வந்து, பெயிண்டை எடுத்து மூஞ்சியில் பூசித் தொலைக்க வேண்டாம், அதில் வேறு ரசாயனங்கள் இருக்கின்றன என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

“முப்பது வருஷமா ஊர்ல உள்ள பலகைக்கெல்லாம் இதப் பூசிவிட்டுட்டு, நான் வெறும் மூஞ்சியோட நின்னிருக்கேன்” என்றார். அவமானப்பட்டவர் குரல் அது.

பதினோரு வருஷம் நான் கத்தியதற்கு அசையாதவர் ஒரு பெட்டியின் பொடி எழுத்துக்கு அசைந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். உதட்டில் இருந்த தையலைப் பார்த்துவிட்டு இன்னொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து என் கடை என் கையில் இல்லை. டியூப் வாங்கி அங்கேயே பூசிக்கொள்ளும் ஆட்களை மாமா நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். இது என்ன, விரல் கோடு தெரிகிறது, காதுக்குப் பின்னால் விட்டுப்போச்சு, பிடரி விட்டுப்போச்சு, துரு எப்போதும் ஓரத்தில்தான் பிடிக்கும். பூசினதும் ஓடாதீர்கள், இருபது நிமிஷம் பிடிக்கட்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை மறு கோட்டிங், வியர்த்தால் அதற்கு முன்பே. ராத்திரி வறண்டுபோன தோலுக்கு ஈரப்பசைக் கிரீம், அது தகரத்துக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். உதட்டுக்குத் தனிக் குச்சி இருக்கிறது, அதை மறக்காதீர்கள். கடைசியில் தன் தையலை விரலால் காட்டுவார். ஒருவரும் விவாதம் செய்யவில்லை. சுண்ணாம்பு மூஞ்சிகள் வரிசையாகக் கடையிலிருந்து இறங்கிப் போனார்கள், ஒரு பிசிறு இல்லாமல். பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

எட்டாம் நாள் கடையில் யாரும் இல்லை. அவர் எதிர்க்கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

“துருவுல ரெண்டு ரகம் மாப்ள. சுரண்டினாப் போயிடறது ஒண்ணு. ஓட்டை விழுந்துட்டா தகரத்தையே மாத்தணும். கைய வச்சுப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். இது எந்த ரகம்னுதான் தெரியல.”

அலமாரி நிறைய மருந்து வைத்திருக்கிறேன். டீதான் வாங்கித் தந்தேன். ஆறவைத்துக் குடித்தார்.

பத்தாம் நாள் அக்கா தபால் நிலையத்தில் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். அவள் தாளைப் புரட்டிவிட்டு, இன்னும் கெட்டதாக மாறவில்லை, மாறுகிற வழியில் இருந்திருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள். மிச்சத்தை உறையவைத்து எடுத்துவிடலாம், களிம்பு தருகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும், உச்சிவெயிலில் கூரை கூடவே கூடாது, மற்ற நேரம் பூசிக்கொண்டு மூடிக்கொண்டு ஏறலாம் என்றாள். அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடுவதாகப் பாவனை செய்தாள்; கைக்குட்டை அவள் கையிலேயே இருந்தது. பிறகு பாவனையை விட்டுவிட்டு அழுதாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் ஒரு மூன்றாம் மனுஷி முன்னால் அவள் அழுதது அன்றுதான். மாமா அவள் தோளைத் தொட்டார், பெயிண்ட் ஈரமாக இருக்கும் இடத்தைத் தொடுவது போல, ஒற்றை விரலால்.

அடுத்த வாரம் காலை ஏழு மணிக்கெல்லாம் மாமா பள்ளிக்கூடக் கூரை மேல் இருந்தார். தொப்பி, அதற்கடியில் பிடரியை மூடிய துணி, முழுக்கைச் சட்டை, வெள்ளை முகம், அதைவிட வெள்ளையாக உதடு. தெருவே நின்று பார்த்தது. பால்காரர் கீழே இருந்து, “என்ன சில்வர், பிரைமரா?” என்று கேட்டார். நான்கு பேர் சிரித்தார்கள். அந்த வாய்க்குப் பதில் கொடுக்காமல் மாமா விட்டதே இல்லை; அன்றைக்கு பிரஷ்ஷை டின்னில் தோய்த்து வேலையைப் பார்த்தார்.

ஒன்பது மணிக்கு வேலையை நிறுத்தினார். புகைபோக்கியின் நிழலில் உட்கார்ந்து, கையைத் துடைத்து, பையிலிருந்து டியூபும் சின்னக் கண்ணாடியும் எடுத்தார். முதலில் ஓரங்கள். காதுமடல், அதன் பின்பக்கம், பிடரி, தாடைக்கு அடி, மூக்குத் துவாரத்தின் விளிம்பு. பிறகு கன்னம், நெற்றி. கடைசியில் கீழுதடு, ஒருமுறை, நிதானமாக இன்னொரு முறை. கண்ணாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினார். முப்பது வருஷம் ஊர்க் கூரைகளை அவர் அப்படித் தேடிப் பார்த்ததை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். தன்னை அப்படிப் பார்த்துக்கொண்டதைக் கண்டது அதுதான் முதல் தடவை. கடையில் இரண்டு பேர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் முடிக்கும்வரை நானும் வாசலில்தான் நின்றேன்.