ஃபிரிட்ஜ் கதவில் அம்மா ஒட்டிய நாடு

எங்கள் அன்பு அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அழ வேண்டியதையெல்லாம் அழுதுவிட்டோம். மகளாகிய நான் இங்கே அம்மாவின் மாலத்தீவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் வாய் ஓயாமல் பேசியதும் அதைத்தான்.

அம்மா நாஞ்சில் நாட்டில் பிறந்து, திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். அப்பா மறைந்தபின் வீட்டு மாடியை, சிகிச்சைக்காக இந்நகருக்கு வரும் மாலத்தீவுக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். முதலில் வந்தவர்களிடம், "ஒங்க ஊரு எங்க இருக்கு மக்களே?" என்று கேட்டார். அவர்கள் காகிதத்தில் புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டினார்கள். உடனே பீரோவிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை எடுத்து வந்தார். அப்பா போனபின் நெற்றியில் வைக்காமல் மிச்சம் கிடந்தவை அவை.

அன்று முதல், குடிவந்த ஒவ்வொரு குடும்பத்தின் தீவுக்கும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பொட்டு. மேலே ஃபிரீசர் பக்கம் வடக்கு, கீழே காய்கறித் தட்டுப் பக்கம் தெற்கு. கீழே குறுக்காக ஒட்டிய நூல்தான் பூமத்திய ரேகை. பால் எடுக்கப் போனவர்கள் பாடம் கேட்காமல் திரும்ப முடியாது. அந்த நாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை, இயற்கையான மேடு என்று பார்த்தால் நம் வீட்டுக் கூரை உயரம்கூடத் தேறாது, அங்கே எடுத்த சோழி ஒரு காலத்தில் வங்காளம்வரை காசாகப் புழங்கியது. "பன்னீராயிரம் தீவைப் பிடிச்சதாட்டு சோழன் கல்லுல வெட்டி வச்சிருக்கான். எண்ணிப் பாத்தா ஆயிரத்து எரநூறுக்குப் பக்கம். அப்பமே நம்ம ஆளுக நல்லா அளந்திருக்கானுவ!" என்று சிரிப்பார்.

ஒரே ஒரு பொட்டில்தான் அம்மாவுக்குச் சந்தேகம். கணவரின் இதய அறுவைக்காக ஐந்து மாதம் மாடியில் தங்கிய ஹவ்வாவின் தீவு அது. ரேகையை ஒட்டி இருப்பது தெரியும். வடக்கா, தெற்கா? செல்போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "நீ சும்மாயிரி. நான் நேர்ல போய்ப் பாக்கேன்" என்றார். போவதற்கு அது ஒரு சாக்கு என்று எனக்குப் புரியாமலில்லை. "இந்த வயசிலயா?" என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழித்தோம்.

அறுபத்தெட்டாம் வயதில் அம்மாவே ஜெயித்தார். இரண்டு விமானம் மாறிப் போய் இறங்கினோம். ஹவ்வா கட்டிக்கொண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "வடக்கா தெக்கா, சொல்லு மக்களே!"

எங்கள் வீட்டில் கற்ற பாதி மலையாளம், பாதித் தமிழில் ஹவ்வா சொன்னார்: "தெக்கு, அம்மே. ரேகை தாண்டியல்லே வந்தது, கண்டில்லையா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து, "ஒன் ஃபிரிட்ஜ்ல எங்க திருவனந்தபுரத்துக்கு ஒண்ணு ஒட்டு" என்று நீட்டினார். ஹவ்வாவுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. ஒன்றைப் பிரித்து அம்மாவின் நெற்றியில் ஒட்டிவிட்டார். "எனக்குத் திருவனந்தபுரம் இதுதான், அம்மே."

அம்மா கண்ணாடி கேட்டார். வெகுநேரம் பார்த்தார். எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் பெட்டியைக்கூடத் திறக்காமல் ஹவ்வாவின் தீவை நூலுக்குக் கீழே இறக்கினார். அதன்பின் கடைசிவரை பொட்டில்லாமல் அம்மாவை யாரும் பார்த்ததில்லை. சில உறவுகள் முகம் சுளித்தார்கள். அம்மா அவர்களுக்கும் காபி கொடுத்து, ஹவ்வா சொன்னதையும் சொல்லியே அனுப்பினார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர், அண்டை வீட்டார், செய்தி கேட்டுக் கடல் தாண்டி ஓடிவந்த ஹவ்வா, அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. எல்லோரையும்விடப் பெரிய நன்றி, பொட்டு விஷயத்தில் அதிகம் முணுமுணுத்த எங்கள் பெரிய அத்தைக்கு. அம்மா போன அன்று குளிப்பாட்டும்போது யாரோ அம்மாவின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்கள். அத்தைதான் அந்தக் கையைப் பிடித்தார்.

"எடுக்காதட்டி. அது திருவனந்தபுரம்லா."